யாருக்கும் ஆகாதவர்கள் நமக்கு ஏன் நெருக்கமாகிறார்கள்?

லாரி சாண்டர்ஸ் முதல் டெபோரா வான்ஸ் வரை: அமெரிக்க டி.வி.யின் திரைமறைவுச் சுயநலக்காரர்களின் கதை

லாரி சாண்டர்ஸ் இரவானால் படுக்கையில் சாய்ந்தபடி டி.வி. பார்க்கிறான். திரையில் ஓடுவது சில மணி நேரத்துக்கு முன் அவனே நடத்தி முடித்த டாக் ஷோ. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியும் அதைப் பார்த்தாக வேண்டும். எந்த ஜோக்குக்குச் சிரித்தாள், எதற்குச் சும்மா இருந்தாள் என்று ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே இருக்கிறான். தன் பின்பக்கம் பெருத்துத் தெரிகிறதோ என்று கவலைப்படுகிறான். இல்லை என்று சொன்னால் நம்புவதில்லை. நாடே கைதட்டிவிட்டுத் தூங்கப்போன பிறகும் அவனுக்கு இன்னொரு கைதட்டல் தேவைப்படுகிறது.

1992 ஆகஸ்ட் 15 அன்று எச்.பி.ஓ. சேனலில் தொடங்கி, 1998 மே 31 வரை ஆறு சீசன்கள் ஓடிய 'தி லாரி சாண்டர்ஸ் ஷோ' என்ற நகைச்சுவைத் தொடரின் நாயகன் இவன். சுயநலக்காரன், பொறாமைக்காரன், கோழை. கெட்ட செய்தியை நேரில் சொல்லத் துணிவில்லாமல் தயாரிப்பாளரை அனுப்பிவிட்டு அறைக்குள் ஒளிந்துகொள்கிறவன். அவனைச் சுற்றி இருப்பவர்களும் அவனுக்குச் சளைத்தவர்கள் இல்லை. அதுவரை அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் பெரும்பாலும் ஒரு வழக்கம் இருந்தது. நாயகன் தொடக்கத்தில் தப்பு செய்வான், முடிவில் உணர்ந்து திருந்துவான், எல்லோரும் கட்டிக்கொள்வார்கள். லாரி திருந்துவதே இல்லை. இருந்தும் ரசிகர்கள் அவனை விட்டு விலகவில்லை. தொலைக்காட்சி வரலாற்றின் தலைசிறந்த நகைச்சுவைத் தொடர்களைப் பட்டியலிடும் விமர்சகர்கள் இன்றும் இதைத் தவறாமல் சேர்க்கிறார்கள்.

நிஜ வாழ்க்கையில் ஐந்து நிமிடம்கூடச் சேர்ந்து உட்கார விரும்பாத மனிதர்களைத் திரையில் ஏன் இவ்வளவு ஆசையாகப் பார்க்கிறோம்? இவர்கள் கெட்டவர்கள் என்பதற்காக நமக்குப் பிடித்துப்போவதில்லை. பிறருக்குப் பிடித்தவராக இருப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர், அதற்காக எவ்வளவு பயப்படுகிறார், எவ்வளவு தாழ்ந்துபோகிறார் என்பதை இவர்கள் மறைக்காமல் காட்டுகிறார்கள். அந்தப் பயம் நம் எல்லோரிடமும் இருக்கிறது.

ஒரு நாற்காலிக்கு நடந்த போர்

இந்தத் தொடர் பிறந்த காலத்தைத் தெரிந்துகொண்டால்தான் அதன் கூர்மை புரியும். 'தி டுநைட் ஷோ' என்ற இரவு நேர டாக் ஷோவை 1962 முதல் நடத்திவந்தவர் ஜானி கார்சன். ஒரு மேஜை, ஒரு சோபா, விருந்தினராக வரும் நட்சத்திரம், பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சிரிக்கும் துணைவர் எட் மக்மேன். அமெரிக்கா தூங்கப்போகும் முன் கடைசியாகப் பார்க்கும் முகம் கார்சனுடையது. அந்த மேஜையில் ஒரு புதிய கலைஞரை அவர் பாராட்டினால் அந்தக் கலைஞரின் வாழ்க்கையே மாறியது.

1992 மே 22 அன்று கார்சன் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலிக்கு நகைச்சுவைக் கலைஞர்கள் ஜே லெனோவும் டேவிட் லெட்டர்மனும் போட்டியிட்டார்கள். லெனோவுக்குக் கிடைத்தது. லெட்டர்மன் மறு ஆண்டு என்.பி.சி. சேனலை விட்டு சி.பி.எஸ். சேனலுக்குப் போய் எதிர் நிகழ்ச்சி தொடங்கினார். எந்த நட்சத்திரம் யார் நிகழ்ச்சிக்கு வருவது என்பதில் தொடங்கி, ரேட்டிங், விளம்பரம், பழிவாங்கல் என்று அந்தச் சண்டை பத்திரிகைகளில் நாறியது.

லாரியாக நடித்த கேரி ஷாண்ட்லிங் இந்த உலகத்துக்கு வெளியாள் இல்லை. 1980களில் கார்சன் விடுப்பு எடுத்த நாட்களில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து நிகழ்ச்சி நடத்தியவர். லாரி சாண்டர்ஸ் தொடர் தொடங்கிய பிறகு, லெட்டர்மன் விட்டுப்போன இடமும் அவரைத் தேடி வந்தது. அவர் வேண்டாம் என்றார். உண்மையான தொகுப்பாளராக ஆவதைவிட, ஒரு தொகுப்பாளனின் மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதே அவருக்கு முக்கியமாகப் பட்டது. டென்னிஸ் க்ளைனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய தொடர், கார்சன் விடைபெற்ற மூன்றாவது மாதத்தில் ஒளிபரப்பானது.

விளக்கு எரியும்போது ஒரு முகம், அணைந்ததும் ஒரு முகம்

தொடரின் பெரிய சாதனை அதன் படப்பிடிப்பு முறையிலேயே இருக்கிறது. லாரி மேடையில் இருக்கும் காட்சிகளை நிஜ டாக் ஷோ போலவே வீடியோவில், பார்வையாளர்கள் முன்னிலையில் எடுத்தார்கள். திரை விலகி அலுவலகத்துக்குள் போனதும் படம் ஃபிலிமுக்கு மாறுகிறது. கேமரா தாழ்வாரங்களில் ஆட்களின் பின்னால் நடக்கிறது. சிரிப்பொலி அறவே கிடையாது. எது நகைச்சுவை, எது அவமானம் என்று யாரும் நமக்குச் சுட்டிக்காட்டுவதில்லை. நாமேதான் முடிவு செய்ய வேண்டும்.

மேடையில் லாரி ஒரு நடிகரைக் கட்டித் தழுவி, அவருடைய புதுப் படத்தை ஆகா ஓகோ என்கிறான். விளம்பர இடைவேளை வந்ததும் இருவரும் பேச ஏதுமின்றி வேறு வேறு பக்கம் பார்க்கிறார்கள். அந்தச் சில விநாடி மௌனம் முழு எபிசோடின் வசனங்களை விடவும் அதிகம் சொல்கிறது. பிரபலங்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே வந்து, தங்களைச் சின்னத்தனமானவர்களாகக் காட்ட ஒப்புக்கொண்டார்கள். ஒரு எபிசோடில் நடிகை ஷாரன் ஸ்டோனுடன் லாரிக்குக் காதல் மலர்கிறது. அவர் தன்னைவிடப் புகழ்பெற்றவர் என்பதைத் தாங்க முடியாமல் அந்தக் காதலை அவனே கெடுத்துக்கொள்கிறான். நடிகர் டேவிட் டுகோவ்னி தன் மேல் ஈர்ப்புக் கொண்டிருக்கிறாரோ என்று அவன் தவிக்கும் கதை தொடரின் மிகப் புகழ்பெற்ற சரடுகளில் ஒன்று. அங்கும் லாரியின் தற்பெருமையும் பயமும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

ஹாங்க் என்ற பெரும் பரிதாபம்

லாரியைவிட ஒரு படி கீழே, ஆனால் நம் மனதில் ஒரு படி மேலே இருப்பவன் ஹாங்க் கிங்ஸ்லி. நடித்தவர் ஜெஃப்ரி டாம்போர். எட் மக்மேனை நினைவூட்டும் துணைத் தொகுப்பாளன். பயணக் கப்பலில் கேளிக்கை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தவன், லாரியின் புண்ணியத்தில் டி.வி.க்கு வந்தவன். அவனுடைய சொத்து 'ஹே நவ்!' என்ற ஒரே ஒரு முழக்கம். காசு கொடுத்தால் எந்தப் பொருளுக்கும் விளம்பரம் செய்வான். சுழலும் உணவகம் ஒன்றைத் தொடங்கிக் கையைச் சுட்டுக்கொள்கிறான். பெரியவர்களிடம் குழைவான், தனக்குக் கீழே இருப்பவர்களைச் சுடுசொல்லால் வதைப்பான். தன்னை எல்லோரும் கேலி செய்கிறார்கள் என்பது அவனுக்குப் பாதி தெரியும், பாதி தெரியாது.

மூன்றாவது சீசனில் லாரி உடம்பு சரியில்லாமல் படுத்துவிட, ஹாங்க் ஓர் இரவு நிகழ்ச்சி நடத்த நேர்கிறது. கைகால் நடுங்க மேடை ஏறுகிறான். அந்தப் படபடப்பையும் பணிவையும் பார்வையாளர்கள் ரசிக்கிறார்கள், நிகழ்ச்சி வெற்றி பெறுகிறது. மறுநாள் அவன் கால் தரையில் பாவவில்லை. ஊழியர்களை விரட்டுகிறான், பெரிய நட்சத்திரம் போல மேடைக்கு வருகிறான், மோசமாகத் தோற்கிறான். அரை மணி நேரத்தில் ஒரு மனிதனின் முழு வாழ்க்கையையும் சொல்லிவிடும் கதை இது. அவனுடைய பலம் எது என்பது பார்க்கும் எல்லோருக்கும் புரிகிறது, அவனுக்கு மட்டும் புரியவில்லை. இரண்டாம் இரவில் அவன் சரியும்போது 'நன்றாக வேண்டும்' என்று சொல்ல வாயெடுத்த நாம், பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறோம். ஒரே ஒரு முறை பாராட்டப்பட்டு அதையே பிடித்துக்கொண்டு ஆடிய நாள் யாருக்குத்தான் இல்லை?

பொய்யால் காக்கும் ஆர்ட்டி

மூன்றாமவர் தயாரிப்பாளர் ஆர்ட்டி. ரிப் டார்ன் நடித்த இந்தப் பாத்திரம் 1996இல் அவருக்கு எம்மி விருது வாங்கிக்கொடுத்தது. ஆர்ட்டி வாயைத் திறந்தால் பொய். சேனல் அதிகாரியிடம் ஒரு பொய், நடிகரின் ஏஜென்டிடம் ஒரு பொய், ஹாங்கிடம் இன்னொன்று. மிரட்டுவார், முகஸ்துதி செய்வார், இரண்டையும் ஒரே மூச்சில் செய்வார். எல்லாமே லாரி என்ற ஒருவன் இரவு மேடைக்கு நிம்மதியாக வரவேண்டும் என்பதற்காக.

ஆர்ட்டியைப் பார்க்கும்போதுதான் தொடரின் உள்ளம் தெரிகிறது. ஒருவரை ஒருவர் நேசிப்பவர்களுக்கு நடுவே ஷோ பிசினஸ் குறுக்கே வந்து நிற்பதைப் பற்றிய கதை இது என்று ஷாண்ட்லிங் சொல்வது வழக்கம். அந்த மூவரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றுகிறார்கள், காட்டிக்கொடுக்கிறார்கள். ஆனால் வேறு போக்கிடம் யாருக்கும் இல்லை. குடும்பத்தைத் தொலைத்தவர்களுக்கு அந்த ஸ்டுடியோவே குடும்பம்.

ஏன் நெருக்கமாகிறார்கள்?

சிரிப்பு பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வகுத்துச் சொல்கிறது. எள்ளலும் பேதைமையும் அவற்றில் இரண்டு. பிறரை எள்ளும்போது நாம் மேலே நிற்கிறோம், அவர்கள் கீழே இருக்கிறார்கள். பேதைமையைப் பார்த்துச் சிரிக்கும்போது அந்தத் தூரம் குறைகிறது. லாரியையும் ஹாங்கையும் நாம் எள்ளலோடுதான் பார்க்கத் தொடங்குகிறோம். நான்கைந்து எபிசோடுகளுக்குள் அந்தச் சிரிப்பின் தன்மை மாறிவிடுகிறது. அவர்களுடைய அற்பத்தனத்துக்கு அடியில் இருக்கும் பேதைமை தெரியத் தொடங்குகிறது.

இந்த மாற்றத்தை நிகழ்த்துவது எழுத்தின் நேர்மை. மோசமான எழுத்தாளர் தன் நாயகனின் குற்றத்துக்கு உடனே ஒரு காரணம் சொல்லி நம் கண்ணீரை வாங்கப் பார்ப்பார். சிறுவயதுத் துயரத்தைக் காட்டுவார், மன்னிப்புக் கேட்கவைப்பார். ஷாண்ட்லிங் அதைச் செய்யவில்லை. அவருக்குச் சொந்தமாகவே அப்படியொரு துயரம் இருந்தது. பத்து வயதில் அண்ணன் பாரியை சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். பௌத்தத்தில் ஈடுபட்டு, 'நான்' என்ற எண்ணத்தைக் குறைப்பது பற்றி ஆண்டுக்கணக்கில் நாட்குறிப்புகளில் எழுதிவந்தார். 2016இல் அவர் மறைந்தபின், அவரிடம் எழுத்தாளராக வேலை பார்த்த ஜட் அபடோவ் அந்தக் குறிப்புகளை வைத்து 2018இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். தன்முனைப்பை விட்டொழிக்க விரும்பிய ஒரு மனிதர், தன்முனைப்பே உருவான ஒருவனை ஆறு ஆண்டு நடித்துக் காட்டினார். லாரியை அவர் வெறுக்கவும் இல்லை, அவனுக்கு வக்காலத்து வாங்கவும் இல்லை. தன்னைத் தானே சோதித்துக்கொண்ட அந்தப் பார்வைதான் நமக்குக் கடத்தப்படுகிறது.

நாம் அலுவலகத்தில் மேலதிகாரியின் சுமாரான ஜோக்குக்குச் சிரிக்கிறோம். சக ஊழியரின் பதவி உயர்வுக்குக் கைகுலுக்கிவிட்டு உள்ளுக்குள் புழுங்குகிறோம். அதை யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதி அடைகிறோம். இதுபோன்ற தொடர்களில் அதே கணங்களைக் கேமரா பார்த்துவிடுகிறது. நல்லவர்களைப் பற்றிய கதைகள் நாம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. இந்தக் கதைகள் நாம் எப்படி இருக்கிறோம் என்று சொல்கின்றன. அதைக் கேட்பதில் ஒரு விடுதலை இருக்கிறது.

பெண் என்றால் வேறு தராசு

'ஃப்ரெண்ட்ஸ்' தொடர் 2004இல் முடிந்த மறு ஆண்டு, அதில் ஃபீபியாக நடித்து உலகின் அன்பைப் பெற்ற லிசா குட்ரோ, மைக்கேல் பேட்ரிக் கிங்குடன் சேர்ந்து 'தி கம்பேக்' என்ற தொடரை உருவாக்கினார். அவர் ஏற்ற வலெரி செரிஷ், 1990களில் ஒரு தொடரால் பெயர் பெற்று இப்போது மறக்கப்பட்ட நடிகை. ஓர் அற்பமான காமெடித் தொடரில் அத்தை வேடமும், தன்னைச் சுற்றி எந்நேரமும் கேமரா சுற்றும் ரியாலிட்டி ஷோவும் அவளுக்குக் கிடைக்கின்றன. வலெரி ஒரு கணமும் கேமராவை மறப்பதில்லை. அவமானப்படும்போதும் சிரிக்கிறாள். பிடிக்காத காட்சியை நீக்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள். அடுத்தவர் பேச்சில் புகுந்து தன்னைப் பற்றியே பேசுகிறாள்.

பதின்மூன்று எபிசோடுகளோடு எச்.பி.ஓ. அதை நிறுத்தியது. பார்க்கவே கூச்சமாக இருக்கிறது, நாயகியைப் பிடிக்கவில்லை என்று பலர் சொன்னார்கள். லாரியின் தற்பெருமையைக் கலை என்று கொண்டாடியவர்கள் வலெரியின் தற்பெருமையை எரிச்சல் என்றார்கள். இது அநியாயம். லாரிக்குக் கோடிக்கணக்கில் பணமும் அதிகாரமும் இருந்தன. நாற்பதைத் தாண்டிய நடிகையைத் தூக்கியெறியும் ஒரு தொழிலில் வலெரி தன் இடத்துக்காகப் போராடினாள். அவள் முகத்திலிருந்து அகலாத அந்தச் சிரிப்பு வேலை பறிபோகாமல் இருக்க அவள் கொடுத்த விலை.

ஒன்பது ஆண்டு கழித்து 2014இல் தொடர் திரும்பி வந்தது. காலம் அதற்குள் வலெரியைப் புரிந்துகொண்டிருந்தது. தன்னை முன்பு இழிவுபடுத்திய எழுத்தாளன் பாலி ஜி. எழுதும் புதுத் தொடரில், தன்னையே அரக்கியாகச் சித்திரிக்கும் வேடத்தில் நடிக்க வலெரி ஒப்புக்கொள்கிறாள். அதற்காக எம்மிக்கும் பரிந்துரைக்கப்படுகிறாள். விருது விழா நடக்கும் இரவில், அவளுடைய சிகை அலங்காரக் கலைஞனும் நண்பனுமான மிக்கி மருத்துவமனையில் இருப்பதாகச் செய்தி வருகிறது. வாழ்நாள் முழுக்க ஏங்கிய மேடையை விட்டு வலெரி எழுந்து போகிறாள். அதுவரை ஆவணப்படக் கேமராவின் ஆட்டத்தோடு இருந்த காட்சி, அந்த நொடியில் அமைதியான சினிமாவாக மாறுகிறது. பார்க்க யாரும் இல்லாத இடத்தில் வலெரி யார் என்பதை முதல் முறையாகக் காண்கிறோம். அவளைப் பிடிக்கவில்லை என்று சொன்னவர்கள் அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும்.

எல்லைக்கோடு எங்கே?

இந்த வகைத் தொடர்களின் மேல் நியாயமான ஒரு கேள்வி உண்டு. கெட்டவர்களைத் தொடர்ந்து ரசித்தால் கெட்ட நடத்தை நமக்குப் பழகிப்போகாதா? 2014 முதல் 2020 வரை நெட்ஃபிளிக்ஸில் வந்த 'போஜாக் ஹார்ஸ்மேன்' என்ற கார்ட்டூன் தொடர் இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டது. மங்கிப்போன டி.வி. நட்சத்திரமான குதிரை மனிதன் போஜாக், தன்னைப் போலவே சிதைந்த ஒரு துப்பறிவாளனாக ஒரு புதுத் தொடரில் நடிக்கிறான். அதில் பங்காற்றும் எழுத்தாளர் டயான், இப்படிப்பட்டவனைக் காட்டி ஆண்கள் தங்கள் தப்புகளுக்கு ஆறுதல் தேடிக்கொள்வார்களோ என்று கலங்குகிறாள். தன் ரசிகர்களின் கையைப் பிடித்து நிறுத்தி இப்படிக் கேட்ட தொடர்கள் குறைவு.

திரைக்கு வெளியிலும் இந்தக் கேள்வி பொருந்தும். லாரி சாண்டர்ஸ் தொடரில் ஹாங்கின் உதவியாளர் டார்லீனாக நடித்த லிண்டா டூசெட், ஷாண்ட்லிங்குடன் நிச்சயிக்கப்பட்டிருந்தவர். அந்த உறவு முறிந்தபின் தொடரிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வழக்குப் போட்டார், நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. அதிகாரத்தில் இருப்பவரின் சுயநலத்தைத் துல்லியமாகக் காட்டிய தொடரிலேயே இது நடந்தது. பாத்திரத்தைப் புரிந்துகொள்வது வேறு, நிஜ மனிதரால் ஒருவர் பட்ட காயத்தைப் பொறுத்துக்கொள்வது வேறு. முதலாவதைக் காரணம் காட்டி இரண்டாவதை ஒருபோதும் நியாயப்படுத்தக் கூடாது.

நல்ல படைப்புக்கும் மோசமான படைப்புக்கும் வேறுபாடு இங்கேதான். மோசமான படைப்பு சுயநலத்தை ஸ்டைலாக்கி விற்கும். நல்ல படைப்பு, அடி வாங்குகிறவரின் முகத்தையும் காட்டும். ஹாங்க் தன் உதவியாளரைத் திட்டும்போது லாரி சாண்டர்ஸ் தொடரின் கேமரா திட்டு வாங்கியவர் பக்கமும் திரும்புகிறது.

மேஜைக்கு வந்து சேர்ந்த டெபோரா

இந்தப் பரம்பரையின் இன்றைய வாரிசு 2021இல் தொடங்கிய 'ஹாக்ஸ்' தொடர். லாஸ் வேகாஸில் பல்லாண்டு மேடை ஏறிய டெபோரா வான்ஸ் என்ற முதிய நகைச்சுவைக் கலைஞராக ஜீன் ஸ்மார்ட் நடிக்கிறார். முதல் நான்கு சீசன்களுக்கும் எம்மி வென்றார். டெபோரா கஞ்சத்தனமானவர், சந்தேகப் பிராணி, மகளிடமும் வேலையாட்களிடமும் இரக்கமில்லாதவர். அவருக்கு ஜோக் எழுத வரும் இளம்பெண் ஏவாவும் புனிதவதி இல்லை. இருவரும் மாறி மாறித் துரோகம் செய்கிறார்கள்.

இளமையில் இரவு நேர டாக் ஷோ ஒன்றின் விளிம்புவரை போய்த் தூக்கியெறியப்பட்டவர் டெபோரா. இந்தக் கதைக்குப் பின்னால் நிஜ வரலாறு இருக்கிறது. கார்சனின் செல்லப்பிள்ளையாக அவர் நாற்காலியில் அமர்ந்த நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸ், 1986இல் ஃபாக்ஸ் சேனலில் சொந்த நிகழ்ச்சி தொடங்கினார். கார்சன் அதன்பின் சாகும்வரை அவரிடம் பேசவில்லை. மறு ஆண்டே ரிவர்ஸ் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். டெபோராவின் கடுமை எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை. தொடரில் கடைசியாக அந்த மேஜை டெபோராவுக்குக் கிடைக்கிறது. ஏவாவை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி நெருக்கடி வரும்போது, நேயர்கள் முன்னிலையில் அந்த மேஜையையே விட்டுவிடுகிறார். அதற்கு முன்னும் பின்னும் அவர் தேவதையாகிவிடவில்லை. ஒரே ஒரு முறை, ஒரே ஒருவருக்காக, சுயநலத்தை மீறுகிறார். முப்பதுக்கும் மேற்பட்ட எபிசோடுகளின் அற்பத்தனத்தைப் பார்த்தபிறகே அந்த ஒரு செயலின் எடை நமக்குத் தெரிகிறது.

லாரி சாண்டர்ஸின் கடைசி எபிசோடும் அப்படித்தான். நடிகர் ஜிம் கேரி மேடையில் உருகி உருகிப் பாடி லாரியை வழியனுப்புகிறார். இடைவேளை விட்டதும் அந்த உருக்கம் இருந்த இடம் தெரியவில்லை. எல்லாம் முடிந்தபின் ஹாங்க் லாரியையும் ஆர்ட்டியையும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போகிறான். பிறகு திரும்பி வந்து வருந்துகிறான். காலி ஸ்டுடியோவில் மூவரும் சேர்ந்திருக்கிறார்கள். யாரும் திருந்தவில்லை. ஆனால் அவர்களுக்குள் இருப்பது அன்புதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அந்த எபிசோடை எழுதியதற்காக ஷாண்ட்லிங்கும் பீட்டர் டோலனும் 1998இல் எம்மி பெற்றார்கள்.

எந்நேரமும் கேமராவை நோக்கிச் சிரிக்கும் காலம் இது. எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே தூங்கப்போகிற பழக்கம் இன்று நட்சத்திரங்களுக்கு மட்டும் உரியது இல்லை. அதனால்தான் முப்பது ஆண்டுக்கு முந்தைய லாரி இன்று நமக்கு இன்னும் நெருக்கமாகிறான். திரையில் நல்லவர்களை மட்டுமே தேடாதீர்கள். பிடிக்காத ஒருவரைப் பொறுமையாகப் பார்க்கப் பழகுங்கள். அதற்கு 'தி லாரி சாண்டர்ஸ் ஷோ'வைவிடச் சிறந்த தொடக்கம் வேறில்லை.